நான் தின்ற ஊர்

கெட்டவனாக ஆடுவது பாவமா என்று யாராவது என்னிடம் கேட்டால், பாவமோ இல்லையோ, கல்யாணம் தள்ளிப்போகும் என்றுதான் சொல்வேன். எனக்குத் தள்ளிப்போயிற்று. நின்றே போயிருக்கவும் வேண்டியது.

அறுபதுகளின் தொடக்கம். திண்டிவனம் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். வயது இருபத்தொன்பது. ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஒரு மெஸ்ஸின் மாடியில் மூன்று பேர் சேர்ந்து தங்கியிருந்தோம். நான், ஹைஸ்கூலில் சரித்திரம் நடத்தும் வாத்தியார் ஒருவர், பொதுப்பணித் துறையில் படம் வரையும் டிராப்ட்ஸ்மேன் ஒருவர். மூவரும் பிரம்மச்சாரிகள். சீட்டாடலாம் என்றால், பையன்கள் யாராவது பார்த்துவிட்டால் மானம் போய்விடும் என்று வாத்தியாருக்குப் பயம். சினிமாவுக்குப் போகலாம் என்றால் டிராப்ட்ஸ்மேன் டைட்டில் முடிவதற்குள் குறட்டை விடுவார். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் யுத்தம் செய்தோம்.

யுத்தம் என்றால் மேசை மேல்தான். சின்ன வயதிலேயே களத்தில் செத்த செஞ்சி ராஜாவின் கதை தெரியாத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. அவனைப் பணிய வைக்கப் பெரும்படையோடு வந்தவர் ஆற்காட்டு நவாப். பணிந்து போ என்றார் அவர், முடியாது என்றான் இவன். அந்தச் சண்டையை வாத்தியார் ஓர் ஆட்டமாக மாற்றினார். ஆபீசில் கழித்துப் போட்ட ஒரு பெரிய வரைபடத்தின் பின்பக்கத்தில் டிராப்ட்ஸ்மேன் செஞ்சியின் மூன்று மலைகளையும் கோட்டையையும் ஆற்றையும் சுற்றுப்பட்டு ஊர்களையும் வரைந்தார். காலாள் என்றால் புளியங்கொட்டை. குதிரை என்றால் ஆமணக்கு விதை. எத்தனை கட்டம் நகரலாம், யார் யாரை வெட்டலாம் என்பதையெல்லாம் தாயக்கட்டை சொல்லும்.

ஊர்களுக்கு வாத்தியார் மல்லாட்டை வைத்தார், வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். உடைக்காத முழு மல்லாட்டை, வறுத்தது. ஓட்டின் மேல் டிராப்ட்ஸ்மேன் பொடி எழுத்தில் ஊர்ப்பெயர் எழுதிவைப்பார். அந்த ஊர்களிலிருந்துதான் கோட்டைக்குத் தானியம் போகும். நவாப்பின் படை ஓர் ஊரை எட்டிவிட்டால் அதைக் கொளுத்தலாம். கொளுத்துவது என்றால் ஓட்டை உடைத்துப் பருப்பைத் தின்றுவிடுவது. அந்த ஊரின் தானியம் அன்றோடு ராஜாவுக்கு நின்றுபோகும். மேல்மலையனூரை மட்டும் யாரும் மல்லாட்டையாக வைக்கவில்லை. அங்காளம்மன் இருக்கும் ஊரை வாயில் போட்டு மெல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? அது வரைபடத்தின் ஓரத்தில் வெறும் புள்ளியாக நின்றது.

ஆட்டம் தயாரான பிறகுதான் தொல்லை வந்தது. நவாப் பக்கம் உட்கார ஆள் இல்லை. ஆட்டத்தைச் செய்தவர் என்பதால் வாத்தியார் ராஜா. அதில் யாருக்கும் வழக்கில்லை. முதலில் டிராப்ட்ஸ்மேன் நவாப்பாக உட்கார்ந்தார். மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி ஆடினார். ஆற்றங்கரை வரை படையைக் கொண்டுவந்து நிறுத்தி, “ஆத்துல தண்ணி ஜாஸ்தியா கீது, இன்னிக்கு வேணாம்” என்பார். ராஜா ஒற்றைக் குதிரையில் வெளியே வந்து நாற்பது புளியங்கொட்டையை வாரிக்கொண்டு போவான். மூன்றாவது வாரம் வாத்தியார் தாயக்கட்டையை மேசையில் ஓங்கி வைத்தார்.

“நீ விட்டுக்குடுத்து நான் ஜெயிக்கணுமாய்யா? எதிராளி ஒழுங்கா ஆடலைன்னா, அந்தப் பையன் செத்ததுக்கு இன்னா மரியாதை?”

அந்த வாரமே நவாப்பை என் தலையில் கட்டினார்கள்.

எனக்கும் அதைத் தட்டிக்கழிக்கத்தான் ஆசை. அப்போது நான் செய்த ஒரு காரியத்தை இப்போது நினைத்தாலும் முகம் சூடாகிறது. கோட்டக்குப்பத்திலிருந்து குடை விற்க வருகிற பாய் ஒருவர், ஞாயிற்றுக்கிழமைகளில் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு மாடிக்கு வந்து எங்கள் ஆட்டத்தைப் பார்ப்பார். நல்ல மனுஷர். அவரிடம் போய், “பாய், நவாப் உங்க ஆளுதான, நீங்க ஒக்காருங்களேன்” என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவர் கோபப்படவில்லை. வரைபடத்தைக் குனிந்து பார்த்தார்.

“ராஜா கூடவே நின்னு செத்தானே அவன் சிநேகிதன், அவனும் எங்க ஆளுதாங்க. நிக்காவ பாதியில உட்டுட்டு ஓடியாந்தவன். அவன எங்க வெச்சிகீறீங்க, காட்டுங்க பாக்கலாம்” என்றார்.

எங்கும் வைக்கவில்லை. கதையை நூறு தடவை கேட்டிருந்த மூன்று பேரும் அந்த ஒருவனை மறந்திருந்தோம். சரித்திர வாத்தியார் அவசரமாக ஓர் ஆமணக்கு விதையை எடுத்து ராஜாவுக்குப் பக்கத்தில் வைத்தார். பாய் சிரித்துக்கொண்டே குடைக் கட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். அவர் சிரித்தது இன்னும் கஷ்டமாக இருந்தது. அதன் பிறகு நவாப்பை வேறு யார் தலையிலும் கட்ட எனக்கு வாய் வரவில்லை. எனக்கு விதித்த தண்டனை என்று நினைத்து உட்கார்ந்தேன்.

தண்டனை இரண்டு மாதத்தில் இனிக்க ஆரம்பித்துவிட்டது. அதுதான் விஷயமே.

நாள் முழுக்க கோர்ட்டில் குனிந்து அடுத்தவன் சொன்னதை எழுதுகிறவன் நான். “ஆமாங்க”, “சரிங்க”, “இதோங்க” தவிர வேறு பேச்சு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் ஆயிரக்கணக்கில் படை என் கையில் இருந்தது. நேராகக் கோட்டையில் போய் முட்டிக்கொள்வது வீண் என்று சீக்கிரமே கண்டுகொண்டேன். ராஜாவை விட்டுவிடு, ஊர்களைப் பிடி. கிழக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று வரிசையாக உடைத்துத் தின்றுகொண்டு போனால் கோட்டை தானாக வாடும். வாத்தியார் பல்லைக் கடிப்பார். நான் பருப்பைக் கடிப்பேன். ஊதித் தோலைப் பறக்கவிட்டு, இரண்டு விரலால் பருப்பை உருட்டி, கொஞ்சம் காத்திருந்து, அப்புறம்தான் வாயில் போடுவேன். அந்தக் காத்திருப்பு விதியில் இல்லை. நானாகச் சேர்த்துக்கொண்டது.

இந்தச் சமயத்தில்தான் விழுப்புரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அதற்கு முன்னால் மூன்று இடம் பார்த்து மூன்றும் தட்டிப்போயிருந்தது. ஒன்று ஜாதகம். ஒன்று என் உயரம். மூன்றாவது இடத்தில் காரணம்கூடச் சொல்லவில்லை. ஊரில் அப்பா பயிர்வேலையை விட்டுவிட்டு ஜாதகக் கட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். நாலாவது பெண், விழுப்புரத்தில் ஆரம்பப் பள்ளிக்கூடத்து டீச்சர். அவளை எனக்கு முன்பே தெரியும் என்று அப்பாவிடம் சொல்லவில்லை. வளவனூரில் ஒரு கல்யாணத்தில் பார்த்திருந்தேன். பந்தியில் மோர் ஊற்றிக்கொண்டு போனாள். என் இலையைப் பார்த்து, “ரசம் இன்னும் வரலியா?” என்று கேட்டாள். அவ்வளவுதான் பேச்சு. எனக்குப் பிடித்துப்போயிற்று. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் விளக்கத் தெரியாது. இந்த இடமும் தட்டிப்போனால் இனி எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன்.

எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பதற்கு முன்னால் பையனைப் பற்றி விசாரிப்பார்கள். விசாரிக்க வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள். பையன் சாப்பிடுகிற இடத்தில் ஒரு வேளை சாப்பிடுவார்கள், வெற்றிலைக் கடையில் பேச்சுக் கொடுப்பார்கள், குடிப்பானா, கடன் வாங்குவானா, கைநீளமா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். இது எனக்கும் தெரியும். தெரிந்துதான் அந்த மாதம் முழுக்க வெள்ளை வேட்டி கட்டி, மெஸ்காரரிடம் வலியப் போய் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் சாப்பிட்டுவிட்டு மாடிப்படி ஏறி வந்தார். கோர்ட் வேலையாக வந்ததாகவும் பஸ்ஸுக்கு நேரம் இருப்பதாகவும் சொன்னார். உட்காருங்கள் என்று பெஞ்சைக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமையில் கோர்ட் வேலையாக வந்தவரைப் பார்த்து, அதே கோர்ட்டில் வேலை செய்கிற எனக்குச் சந்தேகம் வரவில்லை. அந்த அளவுக்கு யுத்தத்தில் மூழ்கியிருந்தேன்.

அன்றைக்கு எனக்குத் தாயக்கட்டை கேட்டதெல்லாம் போட்டது. கிழக்குப் பக்கத்தில் இரண்டு ஊரைத் தின்று முடித்து, மூன்றாவது ஊருக்கு வந்தேன். அதன் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன். அந்த ஊர்க்காரர்களின் கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. ஓட்டை எடுத்துக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தேன். கடகடவென்றது.

“உள்ள ஜனம் நெறையா கீது போல” என்றேன். டிராப்ட்ஸ்மேன் சிரித்தார். நான் அதைவிடச் சிரித்தேன்.

பெஞ்சில் இருந்தவர் முன்னால் சாய்ந்தார். “இன்னா ஊருங்க அது?”

ஊர்ப்பெயரைப் படித்துச் சொன்னேன். ஓட்டை உடைத்தேன். மூன்று பருப்பு. இரண்டை வாயில் போட்டுக்கொண்டு, மரியாதைக்கு ஒன்றை அவரிடம் நீட்டினேன். “எடுத்துக்கோங்க. நல்லா வறுத்தது.”

“வேணாங்க” என்றார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிப் போய்விட்டார். அவர் பங்குப் பருப்பையும் நானே தின்றேன்.

அடுத்த வாரம் அப்பாவிடமிருந்து தபால் கார்டு வந்தது. பெண்ணின் தாய்மாமன் திண்டிவனம் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனாராம். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டமாம். வேறு ஒன்றும் சொல்லி அனுப்பவில்லையாம். கார்டின் அடியில் அவருடைய ஊர்ப்பெயர் இருந்தது. இரண்டு தடவை படித்தேன். நான் தின்ற ஊர்.

அன்று சாயங்காலம் வாத்தியாரைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். உம்முடைய ஆட்டத்தால் என் வாழ்க்கை பேஜாராகிவிட்டது, ராஜாவாக உட்கார்ந்து நல்ல பேரை நீர் வாங்கிக்கொண்டீர், கெட்ட பேருக்கு நான் கிடைத்தேன் என்றேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, “நீ கோர்ட்டுல கொலை செஞ்சவன் வாக்குமூலத்தையும் எழுதற, குத்துப்பட்டவன் வாக்குமூலத்தையும் எழுதற. எழுதறதால நீ கொலைகாரனா? யாராவது ஒருத்தன் நவாப்பா ஒக்காந்தாதான் சண்டை எப்படி நடந்துச்சின்னு தெரியும்” என்றார்.

அவர் சொன்னது நியாயம். எனக்கும் தெரியும். ஆனால் அவரிடம் நான் சொல்லாத ஒன்று இருந்தது. வாக்குமூலம் எழுதும்போது நான் சப்புக்கொட்டுவதில்லை. அந்த ஊரைக் கொளுத்தியது ஆட்டம். ஓட்டைக் காதில் வைத்து ஆட்டி, ஜனம் நிறைய இருக்கிறது என்று சிரித்தேனே, அது ஆட்டத்தில் சேர்த்தியா? அது நவாப் சிரித்த சிரிப்பு இல்லை. அவர் சிரித்தாரோ இல்லையோ, யாருக்குத் தெரியும்? அது என் சிரிப்பு. தாய்மாமன் பார்த்தது அதைத்தான் என்று நினைக்க நினைக்க எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது.

மூன்று வாரம் விழுப்புரத்திலிருந்து பேச்சுமூச்சு இல்லை. நான் ஆட்டத்தை விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டேஷன் வரை நடந்து போய், விழுப்புரம் பக்கம் போகிற வண்டியைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். மெஸ்ஸில் மல்லாட்டைச் சட்னி வைத்தால் தொடமாட்டேன். மெஸ்காரர் எனக்கு மஞ்சள்காமாலை என்றே முடிவு செய்துவிட்டார்.

நாலாவது வாரம் அப்பாவே நேரில் வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வரச்சொல்லியிருக்கிறார்கள் என்றார். எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக வந்தது. வரச்சொல்லி நாலு பேர் முன்னால் கேட்டு அனுப்பத்தான் போகிறார்கள் என்று நினைத்தேன். லீவு எழுதிக் கொடுக்கும்போது கையெழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

விழுப்புரத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸ் வீடு. பெண்ணின் அப்பா ரயில்வேயில் கார்டு. டூட்டிக்குப் போகவேண்டிய அவசரத்தில் யூனிபாரத்தோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் தாய்மாமன். என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். கேசரி வந்தது, காப்பி வந்தது. பெண் வந்து நமஸ்காரம் செய்துவிட்டு உள்கதவு ஓரமாக நின்றாள். மழை, பயிர், பஸ் நெரிசல் என்று என் அப்பா தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் பேசிப் பார்த்தார். எதுவும் ஓடவில்லை.

தாய்மாமன் தொண்டையைச் செருமினார். “நான் ஒளிச்சிப் பேசற ஆளு கெடையாது. பையன் குடிக்கறதில்ல. கடன் இல்ல. கோர்ட்டுலயும் நல்ல பேரு. ஆனா எங்க ஊர கண்ணெதிர்ல ஒடச்சித் தின்னாரு. எனக்கும் ஒண்ண நீட்டினாரு. ஆட்டந்தான்னு தெரியுது. இருந்தாலும் மனசு ஒப்பல. மூணு வாரமா யோசிச்சிக்கினு கீறேன், ஒரு முடிவுக்கு வர்ல. பொண்ணுகிட்ட சொன்னேன். அதுவே ஒண்ணு கேக்கணும்ங்குது.”

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஊரை எப்படித் தின்பது என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் கேள்வி கேட்பதையும் அவர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அவள் கதவோரத்தை விட்டு ஓரடி முன்னால் வந்தாள். “எங்க மாமா ஊர கொளுத்தினீங்களாமே?”

“ஆட்டத்துலங்க.”

“ஆட்டத்துலதான் நானும் கேக்கறேன். கொளுத்தறதுக்கு முன்னால ஜனங்கள வெளிய அனுப்பினீங்களா?”

மூன்று வாரமாக நான் தயார் செய்துவைத்திருந்த பதில்கள் எதுவும் இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. ஆட்ட விதி அது, எழுதினவர் வாத்தியார், நான் வேண்டி விரும்பி உட்காரவில்லை என்றெல்லாம் சொல்ல இருந்தேன். அவள் அதையெல்லாம் கேட்கவே இல்லை. ‘அனுப்பிட்டேன்’ என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? விதியை எழுதின வாத்தியார் திண்டிவனத்தில் இருந்தார். அந்த ஒரு வார்த்தையில் கல்யாணம் முடிந்துவிடும். ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லீங்க” என்றேன். “ஜனங்க கீறாங்கன்னு வாயால சொன்னேன். மனசுல நெனைக்கல. பருப்புன்னு நெனைச்சித் தின்னுட்டேன்.”

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே யாரோ பாத்திரத்தைக் கீழே வைத்தார்கள். பெண்ணின் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் விடவில்லை. “சரி. இனிமே ஆடினா?”

“அனுப்பிட்டுத்தான் கொளுத்துவேன்.”

“எங்க அனுப்புவீங்க?”

“கோட்டைக்குத்தான். வேற எங்கங்க போவாங்க?”

“அவ்ளோ பேருக்கும் அங்க சோறு?”

ஒரு நிமிஷம் யோசித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதே அந்த ஒரு நிமிஷத்தில் மறந்துவிட்டது. வரைபடம் கண்முன்னால் வந்தது. மூன்று ஊர் ஜனமும் மூட்டை முடிச்சோடு கோட்டைக்குள் போகிறார்கள். களஞ்சியம் அதேதான். வாய்தான் மூன்று மடங்கு.

“பத்தாதுங்க” என்றேன். “பத்து நாளு தாங்காது. அப்படிப் பாத்தா ஜனங்கள உயிரோட அனுப்பறதுதான் நவாப்புக்கு இன்னும் லாபம்.” சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லித் தொலைத்தேன் என்று உறைத்தது. கெட்டது, எல்லாம் கெட்டது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

சிரிப்புச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அவள்தான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவள் சிரிப்பதைப் பார்த்துத் தாய்மாமனுக்கும் உதடு கோணியது.

“இவருக்குப் பொய் சொல்ல வர்ல மாமா. தனக்குக் கெடுதல்னு தெரிஞ்சும் கணக்கத்தான் சொல்றாரு” என்றாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள். “எனக்கு சம்மதம். ஆனா வீட்ல ஆடினா, நான் ராஜா பக்கம்.”

தாய்மாமன் எழுந்து வந்து என் தோளில் கைவைத்தார். என்ன சொன்னார் என்று நினைவில்லை. மூன்று வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிப் போவது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைப் பற்றி எனக்கு வெட்கமே இல்லை. அப்பா கண்ணைத் திறந்து, என்ன ஆச்சு என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். முடிஞ்சிடுச்சிப்பா என்றேன். எந்தப் பக்கம் முடிந்தது என்று புரியாமல் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரிப்பதைப் பார்த்த பிறகுதான் அவருக்கும் மூச்சு வந்தது.